காது வலி என்று சொன்ன ஞாயிற்றுக்கிழமை

கடலுக்குள் இறங்கி வந்தவர்கள் மீனைப் பற்றிப் பேசுவார்கள். என்னைக் கேட்டால் ஒரு மனிதனின் மூச்சுக்குமிழிகளைப் பற்றித்தான் என்னால் சொல்ல முடியும். மைசூரிலிருந்து ஒன்பது மணி நேரம் காரில் போய், அதற்கு மேல் ஒரு மணி நேரம் படகில் குடல் குலுங்கி, முதுகில் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு பவளப்பாறை வரைக்கும் இறங்கியவன் நான். மஞ்சளும் நீலமுமாக என்னென்னவோ நீந்திக்கொண்டிருந்ததாம். ஓர் ஆமைகூட வந்ததாம். கூட வந்தவன் எடுத்த வீடியோவைப் பிற்பாடு பார்த்துத்தான் எனக்கே தெரியும். அந்த வீடியோவில் ஆமைக்குப் பக்கத்தில் நானும் இருக்கிறேன், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு.

நான் பார்த்துக்கொண்டிருந்தது என் சிநேகிதனை. அவனும் நானும் ஹெப்பாள் தொழிற்பேட்டையில் வால்வு செய்யும் ஒரு கம்பெனியில் இருபத்தைந்து வருடமாக ஒன்றாக வேலை பார்க்கிறோம். அவன் மெஷின் ஷாப். நான் தரப் பரிசோதனை. அவன் செய்து அனுப்பியதை நான் சரியில்லை என்று ஒதுக்குவேன். அவன் என் மேஜைக்கு வந்து சண்டை போடுவான். பிறகு இரண்டு பேரும் கேன்டீனுக்குப் போவோம். எங்கள் சிநேகம் என்பது இவ்வளவுதான். இருவருக்கும் பூர்வீகம் கொள்ளேகால் பக்கம். வீட்டில் தமிழ், ஃபேக்டரியில் கன்னடம், கோபம் வந்தால் எது முதலில் வாயில் வருகிறதோ அது.

டைவிங் எங்களுடைய யோசனை அல்ல. ஐம்பது வயதில் யாருக்கு அப்படியெல்லாம் தோன்றும்? டிசைன் பிரிவில் இருக்கும் கன்னடக்காரன் ஒருவன், எங்களைவிடப் பத்து வயது சின்னவன், நீச்சல் குளத்தில் பழக்கமாகி எங்களை இழுத்துவிட்டான். போன வருடம் மூன்று பேரும் பாடம் படித்து, பரீட்சை எழுதி, நான்கு முறை கடலில் இறங்கிக் காட்டிச் சான்றிதழ் அட்டை வாங்கினோம். என் சிநேகிதன் அந்த அட்டையை லைசென்சுக்கு முன்னால் பர்ஸில் செருகிக்கொண்டான். பெட்ரோல் பங்கில் பர்ஸைத் திறந்தால் அது நான்கு பேருக்குத் தெரிகிற மாதிரித்தான் திறப்பான்.

கப்பலை மட்டும் அப்போது பார்க்கவில்லை. அந்தக் கரையிலிருந்து கொஞ்ச தூரத்தில், எப்போதோ மூழ்கிப்போன சின்ன சரக்குக் கப்பல் ஒன்று கிடக்கிறது. அன்று தண்ணீர் கலங்கலாக இருந்ததால் கூட்டிப்போகவில்லை, அடுத்த சீசனில் பார்க்கலாம் என்றார்கள். அதற்கப்புறம் அவன் வாயைத் திறந்தால் கப்பல்தான்.

அடுத்த சீசன் வருவதற்குள் அவனுக்கு நெஞ்சு வலி வந்தது. ஆடி மாதம், மத்தியானச் சாப்பாட்டு நேரம். என்னோடு சண்டை போட வந்தவன் பாதிப் பேச்சில் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. ஆட்டோவில் தூக்கிப்போட்டுக்கொண்டு ஓடினேன். அவன் மனைவி அன்று கோபிநத்தத்தில் தன் அம்மா வீட்டில் இருந்தாள். அங்கிருந்து பஸ் மாறி மாறி அவள் வந்து சேர்வதற்குள் ரத்தக் குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் என்கிற கம்பிச் சுருளை வைத்து முடித்திருந்தார்கள். கையெழுத்துப் போட்டது நான். உறவு என்ன என்று கேட்ட இடத்தில் அண்ணன் என்று எழுதினேன். அதனால் டாக்டர் என்னை உட்காரவைத்துத்தான் எல்லாவற்றையும் சொன்னார். ரத்தம் உறையாமல் இருக்க இரண்டு மாத்திரை, ஒரு நாளும் தவறக் கூடாது. நடக்கலாம். மூச்சு முட்டுகிற வேலை எதுவும் ஒரு வருடத்துக்குக் கூடாது. கடலைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. நெஞ்சில் ஸ்டென்டோடு ஒருவன் கடலடிக்குப் போவான் என்று எந்த டாக்டருக்குத் தோன்றும்?

கூட வேலை செய்கிறவர்களுக்கு மஞ்சள் காமாலை என்று சொல்லிவைத்தோம். அவன்தான் அப்படிச் சொல்லச் சொன்னான். யாராவது ‘பாவம்’ என்கிற கண்ணோடு பார்த்தால் அவனுக்கு ஆகாது. ஆகவே அவன் வீட்டுக்கு வெளியே, உடன் பழகுகிறவர்களில், விஷயம் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

நவம்பர் கடைசியில் டிசைன்காரன் நாள் குறித்தான். நான் வரவில்லை என்றேன். “நீ வரலைன்னா நான் மட்டும் போறேன்” என்றான் சிநேகிதன். சொன்னால் செய்கிறவன். அவனைத் தனியாக விட மனமில்லாமல் நானும் கிளம்பினேன். இப்போது யோசித்தால் அங்கேதான் கோட்டைவிட்டேன். நேராக அவன் வீட்டுக்குப் போய் அவன் மனைவியிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். ஆனால் சிநேகிதனை அவன் பெண்டாட்டியிடம் போட்டுக்கொடுப்பது எங்கள் பக்கத்து ஆண்களுக்குக் கொலைக்குச் சமானம். அவன் அவளிடம் மாதேஸ்வரன் மலைக்குப் போகிறோம் என்று சொல்லியிருந்தான். அவன் பிழைத்து வர வேண்டும் என்று அவள் வேண்டிக்கொண்ட மலை அது. சந்தோஷமாகத் திருநீறு பூசி அனுப்பினாள். பிரசாத லட்டு வாங்கி வைக்கச் சொல்லிக் கொள்ளேகாலில் ஒரு மச்சானிடம் ஏற்பாடுகூடச் செய்துவிட்டான்.

“இதுக்கெல்லாம் நல்லா மூளை ஓடுது” என்றேன்.

“உனக்கும் ரெண்டு லட்டு சொல்லிருக்கேன், வாய மூடு” என்றான்.

வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டுக் காலையில் கிளம்பினோம். ஹாசன் தாண்டி, மலைப்பாதை இறங்கி, கரை ஓரமாக வடக்கே போய்ச் சேர்ந்தபோது முதுகு இரண்டாகப் பிளந்திருந்தது. ஓய்வுக்காக வந்தோம் என்று டிசைன்காரன் மூச்சுக்கு ஒரு தரம் சொன்னான். எனக்குக் கிளம்பும்போதே அலுப்பு. தூங்கினால் போகிற அலுப்பு இல்லை. இன்னொருவனுடைய உயிரைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிகிற அலுப்பு.

சனிக்கிழமை காலை, டைவிங் கூடத்தில் ஒரு படிவம் கொடுத்தார்கள். எங்களைக் கூட்டிப்போகும் பயிற்சியாளர் மங்களூர்ப் பெண், முப்பது வயது இருக்கும், கறார் பேர்வழி. “உண்மையை எழுதுங்கள், கீழே போன பிறகு நான் டாக்டர் இல்லை” என்று கன்னடத்தில் சொன்னாள். இதய நோய் உண்டா, இதயத்தில் சிகிச்சை நடந்ததா, ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று வரிசையாகக் கேள்விகள். என் சிநேகிதனின் பேனா எங்கேயும் நிற்கவில்லை. இல்லை, இல்லை, இல்லை என்று கோடு போட்டுக்கொண்டே போனான்.

“படிவத்தப் பாரு. என் மூஞ்சில என்ன எழுதியிருக்கு?” என்றான் தமிழில். எங்கள் தமிழ் மற்ற இருவருக்கும் புரியாது. ஊரில் நாலு பேருக்கு நடுவே ரகசியம் பேச எங்களுக்கு அதுதான் வசதி.

“தப்பு பண்றே” என்றேன்.

“கையெழுத்துப் போடு, படகு காத்திருக்கு.”

தனியாக யாரும் இறங்கக் கூடாது என்பது கடலில் முதல் சட்டம். ஆளுக்கு ஒரு ஜோடி வேண்டும். ஜோடியில் ஒருவனுக்குக் காற்று தீர்ந்தால் மற்றவனும் கூடவே மேலே வர வேண்டும். ஒருவனுக்கு முடியவில்லை என்றால் இருவருக்கும் அன்றைய ஆட்டம் முடிந்தது. உங்களில் யார் யாரோடு என்று அவள் கேட்டபோது அவன் என் தோளில் கை போட்டுக்கொண்டான். டிசைன்காரன் பயிற்சியாளரோடு சேர்ந்துகொண்டான்.

அதற்கப்புறம்தான் குமிழி. வாயில் கடித்திருக்கும் குழாயிலிருந்து ஒவ்வொரு மூச்சுக்கும் குமிழிகள் கொத்தாகக் கிளம்பி மேலே போகும். நான் அவனுக்கு இரண்டு முழம் தள்ளி மிதந்துகொண்டு அவற்றை எண்ணினேன். ஒரு கொத்து வந்து, அடுத்த கொத்து வருவதற்குள் என் நெஞ்சு வாய்க்கு வந்துவிடும். ஒரு பாறை இடுக்கில் அவன் தலையை விட்டு எதையோ பார்த்தபோது ஆசையில் மூச்சை அடக்கியிருக்கிறான். குமிழி நின்றுவிட்டது. நான் பாய்ந்து போய் அவன் கையைப் பிடித்தேன். அவன் திரும்பி, என்ன வேண்டும் என்று கையாலேயே கேட்டான். கண்ணாடிக்குள் அவன் கண் சிரித்தது.

அவன் பவளம் பார்த்துக்கொண்டிருந்த நேரமெல்லாம் நான் அவன் மனைவிக்கு ஃபோன் பேசிக்கொண்டிருந்தேன், மனத்துக்குள். ‘அம்மா, நான்தான் பேசறேன், பதறாதே.’ அதற்கு மேல் எனக்கு வரி வரவில்லை. மலைக்குப் போனவருக்குக் கடலில் என்ன வேலை என்று அவள் கேட்பாளே, அதற்கு என்ன சொல்வது? இப்படிப் பயந்து பயந்து மூச்சு இழுத்ததில் என்னுடைய சிலிண்டர்தான் முதலில் காலியானது. எனக்காக அவனும் மேலே வர வேண்டியதாயிற்று. படகில் ஏறியதும் என்னைப் பிடித்துக்கொண்டான். “யானைக்குக்கூட இவ்ளோ காத்து வேண்டாம்டா.”

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு டிசைன்காரன் அறையில் குறட்டை விட்டான். நாங்கள் இருவரும் கரையில் வலை காயப்போட்டிருந்த இடத்தில் உட்கார்ந்தோம். எனக்குக் கண்ணைத் திறந்து வைத்திருக்கவே முடியவில்லை. அவனோ கல்யாணத்துக்கு வந்தவன் மாதிரி தெம்பாக இருந்தான்.

“ஒரு தடவ ஆச்சு. நாளைக்கு வேணாம்” என்றேன்.

“நாளைக்குத்தானே கப்பல்.”

“அது இன்னும் ஆழம். டாக்டர் எங்கிட்டத்தான் சொன்னாரு, உங்கிட்ட இல்ல.”

“எல்லாரும் உங்கிட்டத்தான் சொல்றாங்க. அவளும் உங்கிட்டத்தான் கேக்கறா, இன்னிக்கு என்ன தின்னான், எத்தன மாடி ஏறினான்னு. நெஞ்சு என்னுது.” பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னான். “கப்பலப் பாத்துட்டு வந்துடறேன். அதோட இந்த வருஷத்துக்கு ஸாகு. இதப் பத்திப் பேசாத, பிடு.” போதும், விடு என்று இப்படிக் கன்னடத்துக்குத் தாவிவிட்டால் அவனுடைய பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எழும்போதே நான் ஒரு தந்திரம் யோசித்து வைத்திருந்தேன். கப்பல் கிடக்கிற இடத்தில் படகு நங்கூரம் போட்டதும் பயிற்சியாளரிடம் சொன்னேன், காது வலிக்கிறது, ராத்திரியிலிருந்தே அடைத்திருக்கிறது, இறங்க முடியாது என்று. காது வலி என்றால் கடலில் யாரும் இரண்டாவது கேள்வி கேட்க மாட்டார்கள். அழுத்தத்தில் செவிப்பறை போய்விடும். நான் இறங்கவில்லை என்றால் அவனுக்கு ஜோடி கிடையாது. ஜோடி இல்லாவிட்டால் அவன் இறங்க முடியாது. யாரையும் காட்டிக்கொடுக்காமல், யாரும் சாகாமல் காரியம் முடிந்தது என்று எனக்கு உள்ளூரப் பெருமை. அவன் என்னை முறைத்தான். ஒரு நொடியில் அவனுக்குப் புரிந்துவிட்டது.

“பரவாயில்லை சார், நீங்கள் உட்காருங்கள்” என்றாள் அவள். “இவர் எங்களோடு வரட்டும், மூன்று பேராகவே போகிறோம். கப்பலின் பின்பக்கத்தையும் காட்டி அழைத்து வருகிறேன்.”

மூன்று பேராகவும் போகலாம் என்று பரீட்சைக்குப் படித்திருப்பேன். எங்கே ஞாபகம் இருந்தது? பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. நேற்றாவது அவன் பக்கத்தில் விஷயம் தெரிந்த ஒருவன் இருந்தான். இன்று அவனுக்கு என்னவென்று தெரியாத இரண்டு பேரோடு, நேற்றையதைவிட ஆழத்துக்கு, என் புண்ணியத்தில் தனியாகப் போகப்போகிறான்.

படகின் விளிம்பில் கடலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தான். அப்படியே பின்னால் சரிந்து விழுவதுதான் இறங்கும் முறை. உதவி செய்கிறவன் போல நான் அவன் ஜாக்கெட் வாரைப் பிடித்துக்கொண்டேன்.

“வேணாம்டா. உன் கால்ல விழறேன்.”

“கைய எடு.”

“அவளுக்கு நான் என்ன பதில் சொல்றது?”

“ஒண்ணும் ஆகாது. கைய எடு.”

“சொல்லிடுவேன். நிஜமாச் சொல்லிடுவேன்.”

“நீ சொல்ல மாட்டே” என்றான். மிரட்டலாகச் சொல்லவில்லை. வெயில் அடிக்கிறது என்று சொல்வது போல, தெரிந்த விஷயத்தைச் சொன்னான். சொல்லிவிட்டு மாஸ்க்கை இறக்கிக்கொண்டு குழாயை வாயில் கடித்தான். என்னிடம் கோபித்துக்கொண்டு குதித்திருந்தால்கூட நான் பேசாமல் இருந்திருப்பேனோ என்னவோ. அந்த நம்பிக்கையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. இன்றைக்கும் முடியவில்லை.

வாரை விடாமல் பயிற்சியாளர் பக்கம் திரும்பினேன். “இவனுக்கு நான்கு மாதத்துக்கு முன்னால் இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். ரத்தம் உறையாத மாத்திரை சாப்பிடுகிறான். படிவத்தில் எழுதியது பொய். இறக்காதீர்கள்.” தமிழில் கெஞ்சிக்கொண்டிருந்தவன் கன்னடத்தில் காட்டிக்கொடுத்தேன்.

அவள் கத்தவில்லை. வந்து அவன் தோளில் கை வைத்து, நிஜமா என்று கேட்டாள். அவன் குழாயை எடுத்துவிட்டு நிஜம்தான் என்றான். அவள் அவனுடைய சிலிண்டரை மூடி, வார்களை ஒவ்வொன்றாக அவிழ்த்தாள். அவன் கைகளைத் தூக்கிக் கொடுத்துக்கொண்டு சின்னப் பிள்ளை போல உட்கார்ந்திருந்தான். டிசைன்காரனுக்கு முதலில் ஒன்றும் ஓடவில்லை. “காமாலை என்றல்லவா சொன்னீர்கள்” என்றான். பிறகு அவன் முகத்தில் அந்தப் பார்வை வந்துவிட்டது. “பாவ, நெரளல்லி கூத்கொள்ளி சார்” என்று நிழலில் இடம் காட்டித் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தான். என் சிநேகிதன் அதை வாங்கிக் குடிக்காமல் வைத்தான்.

அவர்கள் இருவரும் இறங்கிப் போனார்கள். படகோட்டி முன்பக்கத்தில் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு படுத்தார். நாங்கள் இருவரும் முக்கால் மணி நேரம் அந்தக் கப்பலுக்கு நேர் மேலே ஆடிக்கொண்டிருந்தோம். மன்னிப்புக் கேட்கலாமா என்று யோசித்தேன். நான் செய்ததை மறுபடியும் செய்வேன் என்று தெரிந்திருந்ததால் கேட்கவில்லை.

“நேத்து கீழே இருந்தப்போ எனக்கு அது மறந்தே போச்சு” என்றான் கடைசியில், தண்ணீரைப் பார்த்துக்கொண்டு. “உள்ள ஒரு கம்பி இருக்குங்கறதே ஞாபகத்துல இல்ல. நாலு மாசத்துல நேத்துத்தான்.”

நான் படகு விளிம்பில் காய்ந்திருந்த உப்பைச் சுரண்டினேன்.

“நீ மறக்கல இல்ல?”

“இல்ல” என்றேன்.

தலையை ஆட்டிக்கொண்டான். அவ்வளவுதான். அதற்கப்புறம் மைசூர் வரைக்கும் என்னோடு ஒரு பேச்சும் இல்லை. திரும்பும்போது சக்லேஷ்பூர் பக்கம் டீ குடிக்க நிறுத்தினோம். அவன் பஜ்ஜித் தட்டை எடுத்ததும் டிசைன்காரன், “எண்ணெய் வேண்டாம் சார்” என்று சொல்லி அன்பாக வாங்கி வைத்துவிட்டு, இரண்டு இட்லி கொண்டுவந்து கொடுத்தான். சிநேகிதன் அதைச் சாப்பிட்டான். சண்டை போட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

திங்கட்கிழமை வேலைக்கு வந்தான். நான் ஒதுக்கி வைத்த வால்வுகளை எடுத்துப்போக வேறு ஆளை அனுப்பினான். செவ்வாய், புதன் இரண்டு நாளும் அப்படியே. வியாழக்கிழமை சாயந்திரம் பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது அவன் மனைவியிடமிருந்து ஃபோன் வந்தது. எடுக்கவே எனக்குத் தெம்பில்லை. என்றாலும் எடுத்தேன்.

“அண்ணா, அவரு எல்லாத்தையும் சொல்லிப்போட்டாருங்க. மலைக்குப் போகலீங்கறதும் சொல்லிட்டாரு.”

“என்னை மன்னிச்சுடும்மா, முன்னாடியே உங்கிட்டச் சொல்லியிருக்கணும்” என்றேன்.

“நீங்க செஞ்சது சரிதானுங்கண்ணா. நீங்க இல்லீனா என் கதி என்னத்துக்கு ஆவறது?” என்றாள். “சனிக்கிழமை சாயந்திரம் எனக்கு ஃபோன் பண்ணுனாருங்க. நல்ல தரிசனம்னாரு. அப்பவே எனக்குத் தெரியுமுங்க, மலையில இல்லைன்னு. சாமி கும்பிட்டுட்டு வந்து யாருங்க அப்படிச் சிரிப்பாங்க? ஆசுபத்திரியில இருந்து வந்த பொறவு அந்தச் சிரிப்ப நான் கேக்கவே இல்லீங்க. எங்கியோ போயிருக்காரு, போகட்டும்னு நானும் கண்டுக்காம விட்டுட்டேன்.”

இப்போது எப்படி இருக்கிறான், மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறானா என்று மட்டும் கேட்டேன்.

“சாப்பிடறாருங்க. நான் எடுத்து வெக்கறதுக்கு முன்னாடியே போட்டுக்கறாரு. உப்பு வேண்டாங்கறாரு, எண்ணெய் வேண்டாங்கறாரு. சொல்லாமலே வாக்கிங் போறாரு. எட்டரைக்கெல்லாம் படுத்துக்கறாரு. நாலு மாசமா நான் கெஞ்சுனது எல்லாம் இப்பச் செய்யறாருங்க.” பஸ் வந்து நின்று, ஆட்களை ஏற்றிக்கொண்டு புறப்பட்டது. அவள் மூக்கை உறிஞ்சிக்கொள்வது கேட்டது.

“இப்பத்தானுங்கண்ணா அவரு நோயாளி ஆயிட்டாரு” என்றாள்.